அட்டையால் மறைத்த கோட்டை: ஸ்டார் வார்ஸின் டிவி படம்

ஸ்டார் வார்ஸ் வரிசையில் டிவிக்கென்றே எடுத்த படம் 'கேரவன் ஆஃப் கரேஜ்'. 1984 நவம்பர் 25 அன்று அமெரிக்காவின் ஏபிசி சேனலில் வந்தது. கதை ஜார்ஜ் லூகாஸ். ராட்சசனிடம் சிக்கிய பெற்றோரைத் தேடும் இரண்டு பிள்ளைகள், துணைக்கு ஈவாக்குகள், அவ்வளவுதான்.

டிவி பட்ஜெட்டில் பிரம்மாண்டம் எப்படி? பழைய வித்தைதான். பெரும்பாறையில் ஒரு காட்டுச் சரிவைப் படம் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். லென்ஸுக்கு முன்னால் மேல்பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து எடுக்கிறோம். அந்தப் பாதியில் ஒளியே படாது. ஃபிலிமைக் கழுவாமல் பின்னால் சுற்றி, இப்போது கீழ்ப்பாதியை மறைத்து, வரைந்த கோட்டையை மேலே பதிக்கிறோம். கழுவினால் சரிவின்மேல் கோட்டை!

நம்ம பழைய இரட்டை வேடக் காட்சிகளின் சூட்சுமமும் இதுதான். பிரதி எடுக்காததால் தெளிவு குறையாது. ஆனா ஒண்ணு: கை தவறினா அசல் காட்சியே போச்சு.