கவுதாரி வாங்கியவரும் குற்றவாளிதான்

மழை ஓய்ந்து கழுவெளி ஏரியில் தண்ணீர் நிறைந்துவிட்டால் எங்கள் ஓமந்தூர்ப் பக்கத்துச் சாலைகளில் வெளியூர் கார்கள் பெருகிவிடும். கழுத்தில் கேமராவோடு பூநாரை, கூழைக்கடா என்று ஆசை தீரப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். வயிற்றெரிச்சல் எல்லாம் திரும்பும் வழியில்தான். சாலையோரம் பைக் ஹேண்டில்பாரில் கவுதாரிகள் தலைகீழாகத் தொங்கும். கால்கள் சணலால் இறுகக் கட்டியிருக்கும், கண்கள் திறந்தே இருக்கும். "ஜோடி எவ்வளவுப்பா?" என்று காரை ஓரங்கட்டுபவர்களில், காலையில் பறவை பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு.

"விற்கிறவனைப் பிடிங்க, நான் வாங்கத்தானே செஞ்சேன்" என்ற வாதம் எடுபடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, பிரிவு 49-இன்படி அனுமதி இல்லாதவரிடம் காட்டுயிரை வாங்குவதே குற்றம். 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள பட்டியலில் கவுதாரி, கொக்கு, பச்சைக்கிளி எல்லாமே இருக்கின்றன. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் சிறை மூன்று ஆண்டுக்குக் குறையாது, ஏழு வரை போகும். பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை வேறு கதை. அதைக் காட்டி, "இதுவும் பண்ணைச் சரக்குதான் சார்" என்று கவுதாரியைத் தள்ளிவிடுவார்கள். கவுதாரி பண்ணைச் சரக்கல்ல.

கிளியை "பாவம்" என்று வாங்கிப் பறக்க விடுபவர்கள் தனி ரகம். அதுவும் வாங்குவதுதான். நீங்கள் கொடுத்த காசில் அடுத்த கூண்டு நிரம்பும். இறகு வெட்டிய கிளி நாலு அடி தாண்டாது, நாய் வாய்க்குத்தான் போகும். புண்ணியம் தேட வேறு வழி பாருங்கள்.

கழுவெளி வெறும் ஏரி அல்ல. வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151.60 ஹெக்டேர் பரப்பு 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆகவே கரையில் குப்பை போடுவதும், படத்துக்காகப் பறவைகளைக் கல்லெறிந்து கிளப்புவதும் பிரிவு 27-இன்படி குற்றம். போகும் முன் திண்டிவனம் வனச்சரக அலுவலகத்தில் எதுவரை போகலாம் என்று கேட்டுவிடுங்கள். சேற்றில் இறங்காதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைத் தேடிப் படம் எடுக்க நேரம் கடத்தாதீர்கள்.

அடிபட்ட பறவை கிடைத்தால் பரிவோடு வீட்டுக்கு எடுத்துப்போய் வளர்ப்பவர்களும் சிக்கலில் மாட்டுகிறார்கள். பிரிவு 39-இன்படி அது அரசுச் சொத்து. 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறை அலுவலரிடமோ தெரிவித்தாக வேண்டும். அதுவரை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து இருட்டில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒப்படைத்ததும் கையெழுத்தோடு ஒரு ரசீது கேட்டு வாங்குங்கள்.

இனி புகார். விற்பவரோடு சண்டை வேண்டாம். ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதும் வேண்டாம். அதைப் பார்த்து உஷாராவது விற்கிறவர்தான். "ஆதாரத்துக்கு" என்று ஒன்றை வாங்கவே வாங்காதீர்கள். தூரத்திலிருந்து படம் எடுங்கள், அசல் படத்தை போனிலேயே வைத்திருங்கள். நாள், நேரம், கிலோமீட்டர் கல் அல்லது கடைப் பெயர், எந்தப் பறவை, எத்தனை, வண்டி எண் என எல்லாவற்றையும் எழுதி வனச்சரக அலுவலருக்கும், விழுப்புரம் மாவட்ட வன அலுவலருக்கும் கொடுங்கள். விற்பனை கண்முன்னே நடந்தால் 112.

"இது ஃபாரஸ்ட் வேலை" என்று காவல் நிலையத்திலும், "எங்க லிமிட் இல்ல" என்று வனத்துறையிலும் விரட்டினால் அசையாதீர்கள். பிரிவு 50 சப்-இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலுள்ளவர்களும் சோதனையிடவும் கைது செய்யவும் அதிகாரம் தருகிறது. அந்தப் பிரிவை மனுவிலேயே எழுதி, சி.எஸ்.ஆர். எனும் புகார் ஏற்பு ரசீது கேளுங்கள். வாய்மொழிப் புகாரோடு நிற்காதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். அங்கும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து, மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நடவடிக்கை என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

யாரும் அசையாவிட்டால் பிரிவு 55 இருக்கிறது. பலர் கேள்விப்படாதது இது. குற்றத்தையும், வழக்குத் தொடரப்போவதையும் குறிப்பிட்டு அரசுக்கோ அதிகாரம் பெற்ற அலுவலருக்கோ விதிப்படி 60 நாள் அறிவிப்பு கொடுத்துவிட்டால், சாதாரணக் குடிமகனே நேராக நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம். அறிவிப்பை ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். நகல், தபால் ரசீது, ஒப்புகை மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். 60 நாள் கணக்கை நிரூபிக்க உங்களிடம் இருக்கப்போவது அந்த உறை மட்டுமே.