குறி பார்ப்பது யார், குழலா ஆளா?

1783 ஜூன் 13, கடலூர். பிரெஞ்சுப் படையும் ஆங்கிலேயரும் மோதினார்கள். எங்கள் நெல்லிக்குப்பத்துக்குப் பக்கம்தான். சிப்பாய்கள் கையில் இருந்தது பெரும்பாலும் உட்குழல் வழவழப்பான மஸ்கட். பிரவுன் பெஸ்ஸின் குழல் விட்டம் சுமார் 19 மி.மீ., குண்டு 17.5தான். கரி படிஞ்ச குழலிலும் சட்டுனு இறங்கணுமே! அதனால குண்டு உள்ளேயே முட்டி மோதி வெளியே வரும். நூறு கஜம் தாண்டினா குறி வீண். வரிசையா நின்னு சேர்ந்து சுட்டார்கள்.

புரியிட்ட குழல் குண்டைச் சுழற்றி நேரா அனுப்பும். ஆனா இறுக்கமா இடிச்சு இறக்கணும், நேரமாகும். மினியே குண்டு வந்த பிறகே என்ஃபீல்டு 1853 படைக்கெல்லாம் போனது.

அத்தோடு தீர்ந்ததா? இல்லை. கருமருந்துக் குண்டு தூரம் போகப் போக நிறையத் தாழும். தூரத்தைத் தப்பா மதிப்பிட்டா தலைக்கு மேலேயோ காலடியிலோ போயிடும். அதனால்தான் 1853-ல் ஹைத்தில் தொடங்கிய பள்ளியில், சுடுவதோடு கண்ணால் தூரம் அளக்கவும் சிப்பாய்களைப் பழக்கினார்கள்.