உங்களுக்குத் தெரியுமா? பூரணத்துவத்தின் எண் 158.3

அமெரிக்கக் கால்பந்தில், அணியின் சூத்திரதாரியாக நின்று பந்தை எறியும் குவார்ட்டர்பேக் என்னும் ஆட்டக்காரரைத் தரம் பிரிப்பதற்காக அந்நாட்டுத் தேசியக் கால்பந்து லீக் 1973-ஆம் ஆண்டு முதல் கைக்கொண்டிருக்கும் கணித முறையில், பரிபூரணம் என்பது நூறன்று, 158.3 என்னும் விசித்திர எண்ணேயாகும். எறிந்தவற்றுள் சக ஆட்டக்காரர் கையில் சேர்ந்தவை எத்தனை சதவீதம், எறிதல் ஒன்றுக்குக் கிடைத்த கெஜம் எவ்வளவு, எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறும் டச்டவுனில் முடிந்தவை எத்தனை சதவீதம், எதிரணியார் இடைமறித்துக் கவர்ந்தவை எத்தனை சதவீதம் என்னும் நான்கு அம்சங்களுக்கும் தனித்தனியே 2.375 என்று உச்ச வரம்பு கட்டி, கூட்டுத்தொகையை ஆறால் வகுத்து நூறால் பெருக்குவதன் விளைவு அது.

இதனினும் விநோதம் ஒன்றுண்டு: எறிந்த பந்துகள் யாவும் ஒருவர் கைக்கும் எட்டாமல் தரையில் விழுந்தாலும், எதிரியிடம் சிக்கவில்லை என்ற ஒரே புண்ணியத்தால் 39.6 மதிப்பெண் சித்திக்கும்! கால்களால் ஓடிச் சம்பாதித்த கெஜங்களோ கணக்கில் சேர்வதேயில்லை.

இம்மதிப்பெண் ஒன்றே ஒருவரின் புகழை முடிவுசெய்வதில்லை: 1969-இல் நடந்த மூன்றாவது சூப்பர் பௌல் என்னும் சாம்பியன் போட்டியில், தம் நியூயார்க் ஜெட்ஸ் வெல்லுமென்று முன்னதாகவே உறுதி கூறி, பலரும் நகைத்திருக்க, பால்டிமோர் கோல்ட்ஸை 16-7 என்று வீழ்த்தி வாக்கை மெய்ப்பித்த குவார்ட்டர்பேக் ஜோ நேமத்தின் ஆயுட்கால மதிப்பெண் வெறும் 65.5, அவர் எறிந்த டச்டவுன்கள் 173, பறிகொடுத்த பந்துகள் 220. ஆயினும் 1985-இல் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபம் அவரை ஏற்றுக்கொண்டது.