'ஆம்பளைன்னா அழக்கூடாது': இந்த வசனத்தை உடைக்கிறதா ஸ்டாண்ட்-அப் காமெடி?

செம்பட்டி முக்கில் ஒரு டீக்கடை. நாலு ஆண்கள் நின்றால் அரசியல் வரும், பூ விலை வரும், மேட்ச் வரும். 'ராத்திரி தூக்கமே வரலப்பா, மனசு சரியில்ல' என்ற பேச்சு மட்டும் வராது. சொன்னால் 'என்னடா பொம்பள மாதிரி' என்று கேட்டுவிடுவார்கள். அந்தப் பேச்சை இன்று ஒரு மைக் முன்னால் சிலர் பேசுகிறார்கள். காசு கொடுத்து வந்தவர்கள் கைதட்டுகிறார்கள். இது எப்படி நடக்கிறது?

இது நமக்குப் புதுசா?

தனி ஆள் மேடையேறிச் சிரிக்க வைப்பது திண்டுக்கல், மதுரை பக்கம் பழைய விஷயம். திருவிழாவில் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் நாடகம் விடிய விடிய நடக்கும். முதலில் மேடைக்கு வருபவர் பபூன். மைக்கைப் பிடித்து ஊர்க்கதை சொல்வார், தன்னைத்தானே கோமாளியாக்கிக் கொள்வார்.

இந்த ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களை ஆய்வு செய்து 2005-ல் புத்தகம் எழுதியவர் அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர். பபூனின் ஜோக்குகளுக்குள் பெண்ணைப் பார்த்து ஆண் படும் பதற்றம் ஒளிந்திருப்பதை அவர் கவனித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு பெரும்பாலும் பெண்ணின் நடத்தையைக் குறை சொல்லித்தான் முடியும்.

ஸ்டாண்ட்-அப்பில் என்ன மாறியது?

பபூன் போடுவது வேஷம். ஸ்டாண்ட்-அப்பில் வேஷம் கிடையாது. 'நான்' என்றுதான் கதை தொடங்கும். அடி வாங்குவதும் அந்த 'நான்'தான்.

உதாரணம் கார்த்திக் குமார். 'யாரடி நீ மோகினி' படத்தில் நிச்சயித்த பெண்ணை நண்பனிடம் பறிகொடுக்கும் மாப்பிள்ளையாக நடித்தவர் என்றால் சட்டென்று முகம் ஞாபகம் வரும். சென்னையின் 'ஈவம்' நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவருடைய ஒரு ஷோவின் பெயர் 'ஆண்ஸ்ப்ளெயினிங்'. பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தையே ஆண் பாடம் எடுப்பதை 'மேன்ஸ்ப்ளெயினிங்' என்பார்கள். அதில் 'ஆண்' சேர்ந்தால் இந்தத் தலைப்பு. ஆண்மை என்று நாம் நம்புவதையே ஓர் ஆண் மேடையில் நின்று கேள்வி கேட்கிறார்.

சினிமா ஹீரோ தோற்றால் கடைசியில் ஜெயித்தாக வேண்டும். ஸ்டாண்ட்-அப் கலைஞன் தோற்ற இடத்திலேயே கதையை முடிக்கலாம். 'அட, நமக்கும் இப்படித்தான்' என்று கூட்டம் சிரிக்கும்போது, தனி ஆளின் வெட்கம் எல்லாருக்கும் பொதுவாகிவிடுகிறது.

எல்லா காமெடியும் இதைச் செய்யுமா?

இல்லை. 'பொண்டாட்டின்னா பயம்' ஜோக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் தன்னைத் தாழ்த்திக்கொள்வது போலத்தான் தெரியும். ஆனால் அதில் மனைவி வில்லியாகிறாள். வீட்டு வேலையும் அவள் தலையிலேயே இருக்கும். ஜோக் முடிந்ததும் யார் சின்னவராகிப் போனார் என்று பார்த்தால் போதும், வித்தியாசம் புரிந்துவிடும்.

பட்டிமன்ற நகைச்சுவையால் புகழ்பெற்ற திண்டுக்கல் ஐ.லியோனி, 2021 சட்டமன்றத் தேர்தல் பிரசாரத்தில் பெண்களின் உடலமைப்பைக் கிண்டலாகப் பேசியதும், அது கடும் கண்டனத்துக்கு உள்ளானதும் பலருக்கும் நினைவிருக்கும். சிரிப்பு வந்துவிட்டால் எல்லாம் சரி என்ற காலம் போய்விட்டது.

இன்னொரு மாற்றம், மைக் பெண்கள் கைக்கும் போனது. 2020 செப்டம்பரில் அமேசான் பிரைமில் வந்த 'காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா' போட்டியில் ஷ்யாமா ஹரிணி போன்றவர்கள் ஆண்களோடு மோதினார்கள். அதுவரை ஜோக்கின் பொருளாக இருந்தவர்கள் ஜோக் சொல்பவர்களானார்கள்.

இதனால் என்ன பயன்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அதில் 1,22,724 பேர் ஆண்கள். நூற்றுக்குச் சுமார் 72 பேர். கடன், நோய், குடும்பப் பிரச்னை எனக் காரணங்கள் பல. ஆனால் 'வெளியே சொன்னா கேவலம்' என்ற எண்ணம் உதவி கேட்கும் வாயை அடைத்துவிடுகிறது.

ஒரு காமெடி ஷோ இதைக் குணமாக்கிவிடாது. ஆனால் மேடையில் ஒருத்தர் 'நான் அழுதேன்' என்று சொல்லி நூறு பேர் கைதட்டுவதைப் பார்த்தவருக்கு, டீக்கடையில் நண்பனிடம் 'மனசு சரியில்லடா' என்று சொல்வது கொஞ்சம் சுலபமாகலாம்.

(மன அழுத்தத்தால் தவிப்பவர்கள் தமிழக அரசின் 104 எண்ணையோ, டெலி மானஸ் 14416 எண்ணையோ அழைத்துப் பேசலாம்.)