ஓட்டு வீடும் மெத்தை வீடும்: கூரையைப் புதுப்பித்தல் பற்றிச் சில குறிப்புகள்

1

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குப் பெயர் கூரையிலிருந்துதான் வருகிறது. அரக்கோணத்திலும் திருத்தணியிலும் இடையிலுள்ள ஊர்களிலும் அடையாளம் சொல்லும்போது ‘கூரை வூடு’, ‘ஓட்டு வூடு’, ‘மெத்த வூடு’ என்பார்கள். சுவர் மண்ணா கல்லா, உள்ளே எத்தனை அறை என்பதெல்லாம் பேச்சில் வராது. திருத்தணியைத் தாண்டித் தெலுங்கு பேசுகிற ஊர்களிலும் இதே மூன்று படிதான்: பூரில்லு, பெங்குட்டில்லு, மித்தெ. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு நகர்ந்தது. கூரையின் படிநிலை இருந்த இடத்திலேயே இருந்தது.

எல்லா வீட்டுக்கும் மேலே இருப்பது கூரைதான். ஆனால் ‘கூரை வீடு’ என்று சொன்னால் ஓலையோ புல்லோ வேய்ந்த வீடு என்று மட்டுமே பொருள். ஓடும் மெத்தையும் தனிப்பெயர் வாங்கிக்கொண்டு மேலே போய்விட, பொதுச்சொல் ஏழை வீட்டோடு நின்றுவிட்டது. ஆகவே பழைய வீட்டின் கூரையை அது கட்டப்பட்ட காலத்துப் பொருளைக் கொண்டே புதுப்பிக்க வேண்டும் என்று இன்று கட்டிடப் பாதுகாப்பாளர்கள் சொல்லும்போது, நம்மிடம் ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. எந்தக் காலம்? யாருடைய கூரை?

இதை நான் வெளியில் நின்று கேட்கவில்லை. சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கூரை ஒழுக ஆரம்பித்தது.

2

அந்த வீடு 1958இல் தாத்தா கட்டியது. அவர் ரயில்வேயில் கலாசி. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் போட்ட பாதையின்மேல் அரக்கோணம் இருப்பதால், இந்த ஊரில் எங்களைப் போன்ற பல குடும்பங்களின் கதையை ரயில்தான் ஆரம்பித்துவைத்தது. தாத்தாவின் சொந்தக் கிராமத்தில் எங்கள் தெரு முழுக்கப் பனையோலை. ஊருக்குச் சமமாகச் சேரியில் ஓடு ஏறக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். “ஓடு போட்டா அன்னிக்கு ராத்திரியே கல்லு வரும்” என்று ஆயா சொல்லும். தாத்தா சம்பளத்தை மிச்சம் பிடித்து அரக்கோணத்தில் மனை வாங்கியதற்கு அதுதான் காரணம். முன்கட்டுக்குச் சீமை ஓடு, பின்கட்டுக்கு நாட்டு ஓடு.

தம்பி ஒரே பேச்சாகச் சொன்னான்: “எல்லாத்தயும் எடுத்துட்டுத் தளம் ஒட்டிடலாம்ணா. எத்தன நாளைக்கு ஓட்டு வூடு?” கட்டிடக்கலை படித்த நண்பர் ஒருவர், ஓட்டைக் கழற்றவே கூடாது என்றார். இருவருக்கும் நடுவில் நின்று நான் தெரிந்துகொண்ட தொழில் விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அதன் அரசியலைப் பேசுவதில் பயனில்லை.

நாட்டு ஓடு குயவர் சக்கரத்தில் உருவாவது. களிமண்ணைக் குழாயாக வனைந்து, ஈரம் காயுமுன் நெடுக்கில் இரண்டாகக் கீறிச் சூளையில் சுட்டால் இரண்டு அரைவட்ட ஓடுகள். கைமரத்தின்மேல் மூங்கிலோ பனஞ்சட்டமோ பரப்பி, ஒரு வரிசையை மல்லாக்காகவும் அடுத்ததைக் குப்புறவும் அடுக்குவார்கள். மல்லாந்தது வாய்க்கால், குப்புற இருப்பது மூடி. எதையும் எதனோடும் ஒட்டுவதில்லை. வெறும் பாரத்திலும் சரிவிலும்தான் கூரை நிற்கிறது. ஓட்டுக்கு ஓடு இருக்கும் சந்துவழியே சூடான காற்று வெளியேறிவிடும். அதே காரணத்தால் காற்றிலும் பூனை நடையிலும் ஓடு நகரும். திருத்தணி மலைக்குரங்கு ஒரு தடவை வந்துபோனால் பாதி வரிசை காலி. ஆகவே ஐப்பசி மழைக்கு முன்னால் கூரையைப் பிரித்து, உடைந்ததைத் தள்ளி, கறையான் பிடித்த சட்டத்தை மாற்றி, மறுபடி அடுக்க வேண்டும். இதை ‘ஓடு மாத்தறது’ என்போம். ஆண்டுதோறும் தன்னைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுகிற கூரை இது.

சீமை ஓடு என்று நாம் சொல்வது மங்களூர் ஓடு. பாசல் மிஷன் பாதிரிமார் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஆலையில் பிறந்தது. தட்டையாக, இயந்திரத்தில் அழுத்திச் செய்தது. ஒன்றின் விளிம்பு அடுத்ததன் பள்ளத்தில் கவ்விக்கொள்ளும். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடுகள் போதும், ஒவ்வொன்றும் இரண்டரை மூன்று கிலோ. ஆக ஒரு சதுர மீட்டருக்கு 40, 45 கிலோ பாரம். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளமோ அதே பரப்புக்கு ஏறக்குறைய 300 கிலோ. மண்சாந்தில் கட்டிய எங்கள் சுவர் முதல் கணக்கை நம்பி எழும்பியது. அதன்மேல் தளம் ஒட்ட வேண்டுமானால் தூண் எழுப்ப வேண்டும், அதாவது வீட்டை இடிக்க வேண்டும். தம்பி சொன்ன ‘தளம் ஒட்டுவது’ கூரையைப் பற்றிய யோசனை போலத்தான் இருந்தது. கணக்குப் போட்டபோது அதற்குள் முழுவீட்டின் சாவு இருந்தது.

3

மெத்தை வீட்டின் கதை வேறு. பஜார் தெருக்களில் வியாபாரிகள் கட்டிய பழைய வீடுகளின் தட்டையான கூரையை இன்று ‘மெட்ராஸ் டெர்ரஸ்’ என்கிறார்கள். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை ஓரடி ஒன்றரையடி இடைவெளியில் பரப்புவார்கள். அவற்றின்மேல் ஓரங்குலக் கனமே உள்ள அச்சுக்கல்லை நிமிர்த்தி, கட்டைக்குக் குறுக்காகச் சாய்வுவாக்கில், சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அது இறுகிய பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டுவார்கள், ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பல நாள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, அடிக்கிற கட்டை எகிறித் திரும்புகிற வரைக்கும் தட்ட வேண்டும். கடைசியில் தட்டோடு. இன்று கான்கிரீட் மாடிக்குமேல் ‘சுருக்கி போடுவது’ என்று நாம் சொல்வது இந்த வேலையின் மிச்சம்தான்.

இந்தக் கூரை ஒழுகும்போது எல்லாரும் செய்கிற காரியம் மேலே சிமெண்டு பூசுவது. அது நோயைப் பெரிதாக்கும். சுண்ணாம்பு சுவாசிக்கிற பொருள். உள்ளே புகுந்த ஈரம் அதன்வழியே ஆவியாகிப் போய்விடும். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும்போது சுண்ணாம்புத் தளம் கொஞ்சம் இணங்கிக் கொடுக்கும். மயிரிழை வெடிப்பு வந்தாலும் மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மீண்டும் கல்லாகி அதை அடைத்துக்கொள்ளும். சிமெண்டு இணங்காது. அது வெடிக்கும், வெடிப்புவழி நீர் இறங்கும், இறங்கிய நீரை மேலே வர விடாது. ஈரம் தேக்குக்கட்டையின் சுவருக்குள் புதைந்த நுனியில் போய்த் தங்கி அங்கேதான் மரம் மக்கும். வெளியே பூச்சு பளிச்சென்று இருக்க, உள்ளே கட்டை மாவாகியிருக்கும். பழைய பொருளோடு பழைய பொருளைச் சேர்க்கச் சொல்வதில் அழகுணர்ச்சியைவிட இந்தப் பௌதிகம்தான் முக்கியம்.

பெரிய கட்டிடங்களில் இதற்கு நல்ல உதாரணமும் உண்டு, கெட்ட உதாரணமும் உண்டு. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் தீயில் கூரையிழந்தது. பொதுப்பணித்துறை அதை மீட்டபோது சுண்ணாம்புக்கும் மெட்ராஸ் டெர்ரஸுக்கும்தான் திரும்பியது. புதுச்சேரியில் 19ஆம் நூற்றாண்டின் மேரி கட்டிடம் பழுது பார்க்கப்படாமல் கிடந்து 2014 நவம்பர் மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 2021இல் திறந்தது புதிதாக எழுப்பிய அதன் உருவம்.

4

இனி அரசியலுக்கு வருவோம். கூரையும் சாந்தும் எப்போதும் வெறும் பொருளாக இருந்ததில்லை. அவை உரிமையாக வழங்கப்பட்டவை. பிராமணர்க்குத் தானமாகக் கொடுத்த ஊர்களுக்கான பல்லவர், சோழர் செப்பேடுகளில் வருகிற சலுகைப் பட்டியலில் சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளலாம் என்பதும் ஒன்று. ஒன்றைச் சலுகையாக எழுதிக் கொடுக்கிறார்கள் என்றால் மற்றவர்க்கு அது கிடையாது என்றுதான் அர்த்தம். கொங்குப் பகுதியில் கோனேரின்மைகொண்டான் என்ற பெயரில் கிடைக்கிற கல்வெட்டு ஆணை இன்னும் வெளிப்படையானது. கம்மாளர்கள் நல்லதுக்கும் கெட்டதுக்கும் இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்கிறது அது. ஊருக்கெல்லாம் கட்டியவர்கள் தங்கள் சுவரில் சாந்து பூச அரசன் ஓலை வேண்டியிருந்திருக்கிறது. மலபாரில் சாமூதிரி காலத்தில் கோயிலுக்கும் அரண்மனைக்கும் அப்பால் ஓடு போட அனுமதி பெற வேண்டும். ஆயா சொன்ன கல்லுக்கு இத்தனை நூற்றாண்டு முன்கதை இருக்கிறது.

ஓலைக்கூரைக்கும் இன்று ஒரு காதல் வந்திருக்கிறது. குளிர்ச்சி, இயற்கை, மண்ணின் மணம் என்கிறார்கள். குளிர்ச்சி உண்மைதான். ஆனால் 1968 கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தது ஒரு கூரைக் குடிசைக்குள். 2004 கும்பகோணத்தில் 94 குழந்தைகள் பள்ளியின் கீற்றுக்கூரைக்கடியில் எரிந்தார்கள். ஓலையை விட்டு ஓடியவர்களிடம் ‘காலத்துக்குப் பொருந்திய பொருள்’ என்று பேசுகிறவர் இதையும் சேர்த்துப் பேசக் கடமைப்பட்டவர்.

அப்படியானால் தம்பி சொன்னதுதான் சரியா? என்னால் அதையும் ஒப்ப முடியவில்லை. மரபு என்ற சொல்லாடல் அக்கிரகாரத்தையும் செட்டிநாட்டையும் சுற்றியே கட்டமைக்கப்பட்டிருக்கிறது; அதற்கு எதிர்வினையாக எங்கள் கூரையை நாங்களே உடைத்துப் போட்டால் அந்தச் சொல்லாடல்தான் ஜெயிக்கிறது. 1958இல் ஒரு கலாசி ஏற்றிய சீமை ஓடு எந்தப் பட்டியலிலும் வராது. என் கணக்கில் அரக்கோணத்தின் சரித்திரப் பொருள்களில் அதுவும் ஒன்று. அதைப் பாதுகாக்கும் பொறுப்பு பட்டியல் போடுகிறவர்களுக்கு இல்லை என்பதால் எங்களுக்கு இரட்டிப்பாகிறது.

5

ஜப்பானில் இசே என்ற இடத்துக் கோயிலை 20 ஆண்டுக்கு ஒரு முறை பக்கத்து மனையில் முற்றாகப் புதிதாகக் கட்டுகிறார்கள். கூரை புல்தான். கடைசியாகக் கட்டியது 2013இல், 62ஆவது தடவை. மரம் புதுசு, புல் புதுசு, கட்டுகிற கைவேலை மட்டும் பழசு. 1964இன் வெனிஸ் சாசனம் ஆதிப்பொருளுக்குக் கொடுத்த முதன்மையை 1994இல் ஜப்பானின் நாரா நகரில் கூடியவர்கள் தளர்த்தி, உண்மைத்தன்மை கைவேலையிலும் பயன்பாட்டிலும்கூட இருக்கிறது என்று எழுதினார்கள். ஓடு மாற்றுகிற நமக்கு இது புதுச்செய்தி அல்ல. கூரை என்பது ஒரு பொருள் என்பதைவிட, திரும்பத் திரும்ப நடக்கிற ஒரு வேலை.

வேலை என்றால் வேலைக்காரர் வேண்டும். சிக்கல் இங்கேதான். நாட்டு ஓடு வனைகிற சூளை எங்கள் சுற்றுவட்டாரத்தில் அணைந்துவிட்டது. சுண்ணாம்பு நீற்றவும் தளம் தட்டவும் தெரிந்தவர்கள் வயதாகிவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் அதைக் கற்காததற்கு மறதியோ மோகமோ காரணமில்லை. பல நாள் குந்தி உட்கார்ந்து தட்டிய பெண்களுக்கு அந்தக் காலத்தில் என்ன கூலி கிடைத்தது என்பதை அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தார்கள். பழைய பொருளைக் கேட்கிறவர் பழைய கூலியையும் சேர்த்தே மனசில் வைத்திருக்கிறார். ‘அப்பல்லாம் எவ்வளவு சல்லிசு’ என்ற பெருமூச்சில் அது தெரிந்துவிடும்.

எங்கள் வேலைக்கு வந்த மேஸ்திரிக்கு எழுபது தாண்டியிருக்கும். பஜார் தெரு மெத்தைகள் பலவற்றில் வேலை செய்தவர். அவர் குடியிருப்பது தொகுப்பு வீட்டில். தளத்தில் கம்பி துருத்திக்கொண்டு, பூச்சு பெயர்ந்து விழுகிறது என்றார். “அப்ப உங்க வூட்டுக்கும் சுண்ணாம்புத் தளமே போட்டிருக்கலாமே?” என்று கேட்டேன். சிரித்தார். “தம்பி, எனக்குத் தெரியும் எது நல்லதுன்னு. எது கெடைக்கும்னு முடிவு பண்றது நானா?” நான் இதுவரைக்கும் எழுதிக்கொண்டு வந்ததெல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

6

கடைசியில் ஓட்டையே மாற்றினோம். தம்பி சம்மதித்தது தத்துவத்தால் அல்ல, தூண் எழுப்புகிற செலவைக் கேட்டபிறகு. உடையாத ஓடுகளைத் தனியே அடுக்கி, ஊறவைத்துப் பாசியைத் தேய்த்தோம். மக்கிய கைமரங்களில் நல்ல பகுதியை வைத்துக்கொண்டு நுனிக்கு மட்டும் புதுமரம் இணைத்தார் ஆசாரி. மோட்டு ஓட்டை உட்காரவைக்கச் சுண்ணாம்புச் சாந்துதான். பின்கட்டு நாட்டு ஓட்டுக்குச் சரியான மாற்று கிடைக்கவில்லை. ஆகவே மிஞ்சிய நல்ல ஓடுகளையெல்லாம் தாழ்வாரத்துக்குச் சேர்த்துவிட்டுப் பின்கட்டுக்கும் சீமை ஓடு போட்டோம். இது ஒரு சமரசம், அதை மறைக்க வேண்டியதில்லை. மேஸ்திரிக்கும் சித்தாள்களுக்கும் தளம் ஒட்டுகிற ஆளுக்குக் கொடுக்கிற கூலியையே கொடுத்தோம். மரபு விலைமதிப்பற்றது என்கிறோம், அந்த மதிப்பை முதலில் கூலியில் காட்டலாம்.

குறைந்த சீமை ஓடுகளைப் பழைய சாமான் மண்டியில் வாங்கினோம். எங்கிருந்து வந்தவை என்று கேட்டதற்கு, ஒரு அக்கிரகாரத்து வீட்டை இடித்து அபார்ட்மெண்ட் கட்டுகிறார்கள், அந்த ஓடு என்றார் மண்டிக்காரர். அவை இப்போது தாத்தாவின் ஓடுகளுக்கு நடுவில் கிடக்கின்றன. கீழே நின்று பார்த்தால் எது யாருடையது என்று தெரியவில்லை. ஆயா இருந்திருந்தால் ஏணி கேட்டிருக்கும்.

அடுத்த புரட்டாசியில் மறுபடி ஓடு மாத்த வேண்டும். மேஸ்திரியோடு இரண்டு இளைஞர்களை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கூலி பேசியாகிவிட்டது.