சமரச அறையில் சொன்னது நீதிபதிக்குத் தெரியுமா?

2025 செப்டம்பர் 30-க்குள் சமரசத்துக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் ஜீவனாம்ச வழக்கு தள்ளுபடியாகிவிடுமா என்று வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருந்தார்கள். ஆகாது. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் உச்ச நீதிமன்றத்தின் சமரசத் திட்டக் குழுவும் 2025 ஜூலை 1-ல் தொடங்கிய 90 நாள் சமரசச் சிறப்பு இயக்கம்தான் அன்றோடு முடிந்தது. உங்கள் வழக்கு முடிந்துவிடவில்லை.

சமரசத்தில் இரு தரப்புக்கும் வெற்றி என்பது அதிகாரபூர்வ விளக்கம். இருவரும் சம பலத்தோடு உட்கார்ந்தால்தான் அது உண்மை. குடும்ப வன்முறை வழக்குகளும் இந்த இயக்கத்தின் பட்டியலில் இருந்ததால், ரகசியம் பற்றிய ஒரு விதியைக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

பேச்சு முறிந்தால் சமரசர் நீதிமன்றத்துக்கு என்ன எழுதுவார்? ‘தீர்வு ஏற்படவில்லை’ என்ற ஒற்றை வரி மட்டுமே. 2010-ல் மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. கணவர் எட்டு லட்சம் தருவதாகச் சமரச அறையில் சொல்லியிருந்தாலும், மனைவியின் வக்கீல் பிறகு அதைக் காட்டி வாதாட முடியாது. அந்தத் துணிவில்தான் இரு தரப்பும் வாய் திறக்கின்றன.

அதே ஒற்றை வரி, யார் பிடிவாதம் பிடித்தார், யார் மிரட்டினார் என்பதையும் மூடிவிடுகிறது. குடும்ப வன்முறை பற்றிய தகவலுக்கு 2023 மத்தியஸ்த (சமரச) சட்டத்தில் இந்த ரகசியத்திலிருந்து விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் அடி உதையை முதன்முதலாகச் சமரசரிடம் சொல்லாதீர்கள்; முன்பே மனுவில் எழுத்தில் இருக்கட்டும். குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கிலும் ரகசியம் முழுமையானதல்ல: குழந்தையிடம் பேசிய ஆலோசகரின் அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் கூறியது.

மற்ற கேள்விகள்:

சமரசர் தீர்ப்பு சொல்வாரா? மாட்டார்.

கட்டணம் உண்டா? நீதிமன்றச் சமரச மையத்தில் இல்லை.

வக்கீல் உடன் வரலாமா? வரலாம்.

சமரசம் முறிந்தால்? வழக்கு விட்ட இடத்திலிருந்து நடக்கும்.

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமா? 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி நீதிமன்றம் தளர்த்தலாம், தானாகத் தளராது.

கையெழுத்திடும் முன் என்ன பார்க்க வேண்டும்? பணம் தரும் தேதி, திரும்ப வரவேண்டிய நகைகளின் பட்டியல், எந்த வழக்கை யார் எப்போது வாபஸ் வாங்குவது. இந்த மூன்றும் எழுத்தில் இல்லையென்றால் கையெழுத்திடாதீர்கள்.