பாறை அடுக்கும் கலை: கடல்நீர்த் தொட்டியில் தண்ணீருக்கு வழி விடுங்கள்

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பயப்படும் சத்தம் ஒன்று உண்டு. இரவில் வீடு அடங்கிய பிறகு வரவேற்பறையிலிருந்து 'டக்' என்று கேட்கும். கண்ணாடி விரிசல் விட்டுவிட்டதோ என்று பதறி எழுந்து விளக்கைப் போட்டால், தொட்டியில் ஒன்றும் ஆகியிருக்காது. பல நேரங்களில் அது பிஸ்டல் இறால் தன் கொடுக்கைச் சொடுக்கிய சத்தம்தான்.

ஆனால், விரல் நீளமே உள்ள அந்த இறால் இன்னொரு வேலையும் செய்கிறது. பாறைக்கு அடியிலுள்ள மணலை ஓயாமல் தோண்டிக்கொண்டே இருக்கிறது. மணலின்மேல் பாறைகளை அடுக்கியிருந்தால், என்றாவது ஒரு நாள் குவியல் சரியும். மீன்கள் நசுங்கலாம். கண்ணாடி உடைந்து, நூறு இருநூறு லிட்டர் உப்புநீர் வீட்டுத் தரையில் ஓடலாம். பாறை அடுக்குவதை வெறும் அலங்காரமாக நினைக்கக்கூடாது என்பதற்கு இது முதல் காரணம். இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது.

பாறைதான் வடிகட்டி

1960களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்ற மீன் வளர்ப்பாளர், கடலிலிருந்து உயிர்கள் ஒட்டிய பாறைகளை எடுத்துவந்து தொட்டியில் வைத்தார். வடிகட்டும் கருவி எதுவும் இல்லை. காற்றுக் குமிழிகள் மட்டுமே. அதில் மீன்களும் பவள உயிரிகளும் நன்றாக வாழ்ந்தன. இன்று உலகெங்கும் 'உயிர்ப்பாறை' என்று விற்கப்படும் பாறையைத் தொட்டியில் பயன்படுத்திய முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

இது எப்படி நடக்கிறது? மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது; அது மீனுக்கு நஞ்சு. பாறையின் மேற்பரப்பில், ஆக்சிஜன் உள்ள இடங்களில் வாழும் பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பாறையின் ஆழமான நுண்துளைகளில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்குள்ள வேறு வகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றுகின்றன.

இந்த வேலை நடக்க, தண்ணீர் பாறையின் எல்லாப் பக்கங்களையும் தொட வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பின்கண்ணாடியில் சாய்த்துச் சுவர்போல் பாறையை அடுக்கிவிடுகிறார்கள். முன்பக்கம் பார்க்க அழகாக இருக்கும். பின்பக்கத்தில் தண்ணீர் தேங்கும். மிஞ்சிய உணவும் கழிவும் அங்கே படிந்து அழுகும். சில மாதங்களில் நைட்ரேட் ஏறி, பாசி படரத் தொடங்கும்.

கடலில் எப்படி இருக்கிறது?

திறந்த கடலை நோக்கிய பல பவளத்திட்டுகள் ஒரே சுவராக இருப்பதில்லை. விரல்களைப்போல் நீண்ட மேடுகளும், அவற்றுக்கிடையே மணல் நிறைந்த வாய்க்கால்களும் மாறி மாறி வரும். அலை கொண்டுவரும் மணலும் கழிவும் அந்த வாய்க்கால் வழியே வெளியேறுகின்றன. மேடும் பள்ளமும், குகையும் நிழலும் கலந்த அந்த அமைப்பைத் தொட்டியில் கொண்டுவந்தால் இயற்கையான தோற்றம் தானாக வந்துவிடும்.

அடுக்கும் முறை

முதலில் தொட்டியின் நீள அகலத்தை ஓர் அட்டையில் வரைந்து, காய்ந்த பாறைகளை அதன்மேல் அடுக்கிப் பாருங்கள். மனதுக்குப் பிடிக்கும்வரை மாற்றலாம்.

பாறை முதலில், மணல் பிறகு. அடிப்பாறைகள் தொட்டியின் அடித்தளத்திலேயே உட்கார வேண்டும். ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று இடங்களில் ஊன்றி நின்றால் ஆடாது. மேலே வருபவற்றை அக்ரிலிக் கம்பியாலும், மீன்தொட்டிக்கான எபாக்ஸி பசையாலும் இணைக்கலாம். கையால் அசைத்துப் பாருங்கள்; இப்போதே ஆடினால் பின்னர் நிச்சயம் விழும்.

ஒரே குவியலுக்குப் பதில், அளவில் வேறுபட்ட இரண்டு தீவுகளாக அமைத்து, நடுவில் மணல் வழி விடலாம். நான்கு பக்கக் கண்ணாடியிலிருந்தும் கை நுழையும் அளவு இடைவெளி இருக்கட்டும், துடைக்கவும் வசதி. பவளங்கள் வளரும் என்பதால் மேலேயும் இடம் வேண்டும்.

குகைகளுக்கு இரண்டு வாசல் வையுங்கள். நீரோட்டம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். டாம்செல் போன்ற சண்டைக்கார மீன் துரத்தும்போது, சிறிய மீன் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கவும் முடியும்.

எவ்வளவு பாறை தேவை? 8 லிட்டருக்கு ஒரு கிலோ என்பது பழைய கணக்கு. அதன்படி 200 லிட்டர் தொட்டிக்கு 25 கிலோ. துளைகள் நிறைந்த, எடை குறைந்த பாறையாக இருந்தால் அதைவிடக் குறைவாகவே போதும்.

கடற்கரையிலிருந்து எடுக்கலாமா?

கூடாது. சிங்கப்பூர்க் கடலில் 250க்கும் மேற்பட்ட கல்பவள வகைகள் உள்ளன. சிஸ்டர்ஸ் தீவுகள் 2014ல் நாட்டின் முதல் கடல்சார் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. மலேசியாவில் ரெடாங், தியோமான் போன்ற கடல் பூங்காக்களிலும் பவளத்தை எடுப்பது குற்றம். கல்பவளங்களின் அனைத்துலக வணிகத்தைச் சைட்டிஸ் ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. தொட்டிக்குள் ஒரு பவளத்திட்டை உருவாக்க, கடலிலுள்ள திட்டை உடைப்பதில் பொருளில்லை.

கடைகளில் கிடைக்கும் காய்ந்த பாறையும், பீங்கானிலும் சிமெண்டிலும் செய்த செயற்கைப் பாறையும் நல்ல மாற்று. அவற்றில் பாக்டீரியா குடியேறச் சில வாரங்கள் ஆகும். அமோனியா, நைட்ரைட் இரண்டும் உருவாகி, பிறகு பூஜ்யத்துக்கு இறங்கியதைச் சோதனைப் பெட்டியில் உறுதிசெய்த பிறகே முதல் மீனை விட வேண்டும்.

அந்த வாரங்களில் வீட்டுக்கு வரும் விருந்தினர்கள், "மீன் எங்கே?" என்று கேட்பார்கள். வெறும் கல்லும் தண்ணீரும்தான் தெரியும். அவசரப்பட்டுக் கடைக்கு ஓடாதீர்கள். மீன் பிழைக்குமா பிழைக்காதா என்பதை முடிவுசெய்யும் பாக்டீரியாக்கள் அந்தக் கல்லுக்குள் குடியேறிக்கொண்டிருக்கின்றன.